கார் கண்ணாடிக்குக் கறுப்பு வேண்டாம்!

வீட்டுக்குக் கார் வருகிறது என்றால், அந்த வீட்டுக்கு அது திருநாள்.

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிறது மேலநீலிதநல்லூர். ஊரைச் சுற்றிலும் வெட்டவெளி. சித்திரை மாதம் வந்துவிட்டால், தலையில் துண்டு போடாமல் தெருவில் நடக்க முடியாது. அப்படிப்பட்ட வெயில்!

இந்த ஊரில் ஒரு குடும்பம் கார் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கொஞ்சம். மீதி கடன். சங்கரன்கோவில் கோவில் வாசலில் காரை நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்தாயிற்று.

மறுநாளே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்.

"அப்பா, கண்ணாடிக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டுங்கப்பா. அப்போதான் கெத்தா இருக்கும்" என்பான் மகன்.

"கெத்து கிடக்கட்டும். ஏங்க, வெயில் பிள்ளை முகத்துல சுள்ளுன்னு அடிக்குது. அதுக்கு ஏதாவது வழி பாருங்க" என்பாள் தாய்.

திண்ணையில் இருக்கும் ஆச்சி சும்மா இருப்பாளா? "ஏலே, உள்ளே யாரு இருக்கான்னு தெரியாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்பாள்.

மூன்று பேர். மூன்று பேச்சு. இதில் யார் சொல்வது சரி?

தாய் கேட்பது நியாயம். ஆச்சி சொல்வது அதைவிட நியாயம். மகன் கேட்பதுதான் தவறு. ஏன்? பார்ப்போம்.

கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

"கண்ணாடி எவ்வளவு கறுப்போ, அவ்வளவு குளிர்ச்சி" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல.

வெயிலில் மூன்று வகைக் கதிர்கள் வருகின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். இரண்டாவது, அகச்சிவப்புக் கதிர். இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உடம்பில் பட்டால் சுடும். மூன்றாவது, புற ஊதாக் கதிர். இதுவும் கண்ணுக்குத் தெரியாது. தோலைக் கறுக்க வைப்பதும், காரின் இருக்கைத் துணியை வெளுக்க வைப்பதும் இதுதான்.

வெயில் கொண்டுவரும் சூட்டில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் இருக்கிறது. புற ஊதாக் கதிரின் பங்கு மிகக் குறைவு. மீதி, வெளிச்சத்தோடு வருகிறது.

சாயம் பூசிய மலிவான கறுப்புப் பிலிம் என்ன செய்கிறது? முக்கியமாக வெளிச்சத்தைத்தான் மறைக்கிறது. கண் கூசுவது குறைகிறது. உடனே "குளிர்ச்சியாக இருக்கிறது" என்று மனம் நினைக்கிறது. ஆனால் அகச்சிவப்புக் கதிரில் பெரும் பகுதி உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். கறுப்புச் சாயமும் வெயிலைக் குடித்துச் சூடாகும். கண்ணாடி சுடும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி காருக்குள்ளேயே இறங்கும்.

வேறு வகைப் பிலிம்களும் உண்டு. அவற்றைப் பார்த்தால், வெறும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அகச்சிவப்புக் கதிரையும் புற ஊதாக் கதிரையும் தடுக்கும். செராமிக் பிலிம் என்று கடைகளில் சொல்வது இந்த வகை.

ஆகவே, சூட்டைத் தடுக்க இருட்டு தேவை இல்லை. இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

கண்ணாடியின் கதை

காரில் இருப்பது வீட்டு ஜன்னலில் இருக்கும் கண்ணாடி அல்ல.

1903-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் எடுவார் பெனடிக்டஸ் என்று ஒரு ரசாயன அறிஞர் இருந்தார். அவருடைய கையில் இருந்து ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விழுந்த குடுவை கீறல் விட்டது. ஆனால் சிதறவில்லை! அவருக்கு வியப்பு. குடுவைக்குள் முன்பு இருந்த ரசாயனம் காய்ந்து, மெல்லிய தோல் போல ஒட்டிக்கொண்டு இருந்தது. அதுதான் உடைந்த துண்டுகளைப் பிடித்து நிறுத்தியது.

அதில் இருந்து பிறந்ததுதான் இரட்டைக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தோல் இருக்கும். காரின் முன் கண்ணாடி இந்த வகை. கல் பட்டாலும் சிதறி முகத்தில் அடிக்காது.

பக்கக் கண்ணாடி பொதுவாக வேறு வகை. நன்றாகச் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்துச் செய்வது. உடைந்தால் கத்தி போலப் பிளக்காது. கற்கண்டு போலச் சிறு சிறு துண்டாகக் கொட்டும்.

இந்த வேறுபாடு வெயிலிலும் தெரியும். அமெரிக்காவில் 29 கார்களின் கண்ணாடிகளை ஒரு கண் டாக்டர் சோதித்தார். 2016-ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. தோலுக்குள் ஆழமாகப் போகும் புற ஊதாக் கதிரில், 100-க்குச் சராசரி 96 பங்கை முன் கண்ணாடி தடுத்தது. பக்கக் கண்ணாடி தடுத்தது சராசரி 71 பங்குதான். சில கார்களில் 44 பங்குதான்!

ஆகவே, ஜன்னல் ஓரம் உட்காரும் பிள்ளைக்கு வெயில் சுள்ளென்று அடிக்கிறது என்று தாய் சொல்வது வெறும் பேச்சு அல்ல. உண்மை.

சட்டம் சொல்லும் கணக்கு

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, கண்ணாடியைப் பற்றியது. அது என்ன சொல்கிறது?

முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 100 பங்கு வெளிச்சத்தில் குறைந்தது 70 பங்கை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 பங்கை விட வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "இது எழுபது சதவீதப் பிலிம் சார். சட்டப்படி சரி" என்று கடையில் சொல்வார்கள். அது சரியா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காரின் பக்கக் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவது இல்லை. கம்பெனியில் இருந்து வரும்போதே அதில் லேசான பச்சைச் சாயல் இருக்கும். அது 100-க்கு 70 பங்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 70 சதவீதப் பிலிம் ஒட்டினால் என்ன ஆகும்? கண்ணாடி விட்ட 70 பங்கில், 100-க்கு 70 வீதம்தான் பிலிம் விடும். அதாவது 49 பங்கு. சட்டம் கேட்பது 50. ஒன்று குறைந்துவிட்டது!

50 சதவீதப் பிலிம் ஒட்டினால்? 35 பங்குதான் வரும்.

முன் கண்ணாடி 75 பங்கு விடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 90 சதவீதம் விடும் மிகத் தெளிவான பிலிமை ஒட்டினாலும் கிடைப்பது 67½ பங்கு. சட்டம் கேட்பதோ 70.

ஆகவே, பிலிமின் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. கண்ணாடியும் பிலிமும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சம் விடுகிறது என்பதுதான் கணக்கு.

சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது?

விதி இருந்தது. ஆனால் மதித்தவர் குறைவு. நாடு முழுவதும் கறுப்புக் கண்ணாடிக் கார்கள் ஓடின. அவிஷேக் கோயங்கா என்பவர் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். கறுப்புக் கண்ணாடிக்குள் குற்றங்கள் நடக்கின்றன, போலீசாருக்கு உள்ளே இருப்பது தெரிவது இல்லை என்பது அவருடைய வாதம்.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. எத்தனை சதவீதம் வெளிச்சம் விடும் பிலிமாக இருந்தாலும், வாகனக் கண்ணாடிமேல் ஒட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. வேறு எந்தப் பொருளையும் ஒட்டக் கூடாது என்றும் சொன்னது. மே 4-ந் தேதி முதல் இதை நடைமுறைக்குக் கொண்டுவரும்படி கட்டளை இட்டது. கம்பெனியே லேசான சாயலோடு செய்து தரும் கண்ணாடிக்குத் தடை இல்லை. ஆனால் அதுவும் 70, 50 என்ற கணக்குக்குள் இருக்க வேண்டும்.

அதே ஆண்டு, டிசம்பர் 16-ந் தேதி இரவு. டெல்லியில் ஓடும் பேருந்துக்குள் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அந்தப் பேருந்தின் ஜன்னல்களில் கறுப்புப் பிலிம் இருந்தது. திரையும் இருந்தது. தலைநகரின் சாலைகளில் அந்தப் பேருந்து சுற்றி வந்தது. உள்ளே நடந்தது வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை.

சட்டம் இருந்தும், கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. அதன் விலை ஓர் உயிர்.

திண்ணையில் இருக்கும் ஆச்சி சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதைத்தான் அவளும் சொல்கிறாள்.

பிறகு வந்த மாறுதல்

இதோடு கதை முடியவில்லை. மத்திய சர்க்கார் 100-ஆவது விதியைத் திருத்தியது. அது 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. உட்புறம் பிளாஸ்டிக் படலம் உள்ள பாதுகாப்புக் கண்ணாடிக்கும் அதில் இடம் தரப்பட்டது. 70, 50 என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

இதைக் காட்டிக் கேரள ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தீர்ப்பு. "விதி மாறிவிட்டது. 70, 50 கணக்குக்குள் இருந்தால், பிலிம் ஒட்டியதற்காக அபராதம் போட முடியாது" என்ற கருத்தில் அந்தக் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

"அப்படி என்றால் மேலநீலிதநல்லூரிலும் ஒட்டலாமா?" என்று கேட்கலாம்.

அவசரப்படக் கூடாது. அது கேரள ஐகோர்ட்டின் தீர்ப்பு. சாலையில் காரை நிறுத்தும் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர், 2012-ஆம் ஆண்டின் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவைக் காட்டினால், என்ன பதில் சொல்வது? குழந்தையை வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்று சட்டம் பேச முடியுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில், முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மறு தடவை 1,500 ரூபாய் வரை. ஒட்டிய பிலிமும் கிழியும். ஒட்டுவதற்குக் கொடுத்த பணமும் போகும்.

ஆகவே, பணத்தை எடுப்பதற்கு முன்னால், சங்கரன்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். ஐயம் இருக்கும்வரை, ஒட்டாமல் இருப்பதே மேல்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இசட், இசட் பிளஸ் என்ற உயர்ந்த பாதுகாப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே சுப்ரீம் கோர்ட்டு விலக்குத் தர இடம் கொடுத்தது. ஆனால் கட்சிக் கொடி கட்டிய கார் என்றால், கறுப்புக் கண்ணாடி இருந்தே ஆக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் ஊர்ப் பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். பெரியவர்கள் கறுப்பைக் கிழித்தால், பிள்ளைகளும் கேட்பதை விட்டுவிடுவார்கள்.

இரவு நேரம்

பகலில் ஒட்டிய பிலிம், இரவில் தானாகக் கழன்று போகாது.

குற்றாலத்தில் குளித்துவிட்டுக் குடும்பம் திரும்புகிறது. இருட்டிவிட்டது. சாலையில் விளக்கு இல்லை. விளக்கு இல்லாத சைக்கிளில் ஒருவர் வருகிறார். ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடுகிறது. வயல் வேலை முடிந்து பெண்கள் ஓரமாக நடந்து வருகிறார்கள்.

காரை ஓட்டுகிறவர், பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி எங்கே இருக்கிறது? கதவுக்கு வெளியே. அதைக் கதவின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஜன்னலில் கறுப்பு இருந்தால், பின்னால் வருவது மங்கலாகத் தெரியும். சந்தில் இருந்து வருகிறவர் தெரியவே மாட்டார். காரைப் பின்னால் எடுக்கும்போது, பின் கண்ணாடியும் கறுப்பு என்றால், வீட்டு வாசலில் விளையாடும் சொந்தப் பிள்ளையே தெரியாமல் போகலாம்.

வயது ஏற ஏற, இருட்டில் பார்க்கும் சக்தி குறையும். காரை ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயது என்றால், அவருக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அதைக் காசு கொடுத்துக் குறைப்பார்களா?

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. காருக்குள் இருப்பவர் பார்த்தால் மட்டும் போதாது. சாலையைக் கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை, டிரைவரின் முகத்தைப் பார்க்கிறது. "இவர் என்னைப் பார்த்துவிட்டார். நிறுத்துவார்" என்று தெரிந்த பிறகுதான் கால் எடுத்து வைக்கிறது. முகம் தெரியாத காரைப் பார்த்து அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

மூடிய காரும் குழந்தையும்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம். திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே மூன்று குழந்தைகள் விளையாடப் போனார்கள். நின்றுகொண்டு இருந்த காருக்குள் புகுந்தார்கள். கதவைத் திறக்க முடியவில்லை. மூவரும் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து அழாத தாய் இல்லை.

வெயிலில் நிற்கும் கார், அடுப்பில் வைத்த மூடிய பானை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டாக்டர்கள் இதைச் சோதித்து, 2005-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டும் இருந்த நாளில்கூட, ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 டிகிரி வரை ஏறியது. சூடு பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தும் அதிகப் பயன் இல்லை.

அங்கே 22 டிகிரி. சித்திரை மாதத்தில் சங்கரன்கோவில் பக்கம்? சொல்ல வேண்டியதே இல்லை.

எந்தப் பிலிமும் இந்தச் சூட்டில் இருந்து குழந்தையைக் காப்பாற்றாது. "நல்ல பிலிம் ஒட்டியிருக்கிறது. குழந்தை உள்ளே தூங்கட்டும். கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம்" என்று நினைப்பது பெரிய தவறு. அது மட்டும் அல்ல. உள்ளே குழந்தை அகப்பட்டுக்கொண்டால், தெருவில் போகிற ஒருவர் பார்த்தால்தான் கதவை உடைப்பார். கண்ணாடி கறுப்பாக இருந்தால், யார் பார்ப்பது?

கார் நிற்கும்போது கதவுகளைப் பூட்ட வேண்டும். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. இறங்கும்போது பின் இருக்கையை ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்குக் காசு இல்லை.

வாங்குவது என்றால் எப்படி?

இன்னும் கார் வாங்காதவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. அகச்சிவப்புக் கதிரையும் புற ஊதாக் கதிரையும் குறைக்கும் கண்ணாடி, சில கார்களில் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. கார் பார்க்கப் போகும்போது, பாட்டுப் பெட்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், கண்ணாடியைப் பற்றிக் கேளுங்கள். சட்டச் சிக்கல் இல்லாத வழி இது.

போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஒட்டலாம் என்று உறுதி கிடைத்தால், கீழே உள்ளவற்றைக் கவனிக்க வேண்டும்.

சாயப் பிலிம் மலிவு. ஆனால் சில ஆண்டுகளில் ஊதா நிறமாக வெளுத்து, கொப்புளம் விடும். உலோகம் கலந்த பிலிம் சூட்டைத் தடுக்கும். ஆனால் செல்போன் அலையையும், சுங்கச்சாவடியில் படிக்கும் பாஸ்டேக் அலையையும் அது மறிக்கலாம். செராமிக் பிலிமில் அந்தத் தொல்லை இல்லை. விலை கூடுதல்.

கடைக்காரர் ஒரு சூட்டு விளக்கைக் காட்டுவார். கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார். கை சுடாது. அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அந்த விளக்கு தருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். வெயில் அப்படி அல்ல. "மொத்த வெயில் சூட்டில் 100-க்கு எத்தனை பங்கைத் தடுக்கும்?" என்று கேட்க வேண்டும். அந்த எண்தான் உண்மையான எண்.

ஒட்டிய பிறகு மீட்டர் வைத்து வெளிச்சத்தை அளந்து காட்டச் சொல்ல வேண்டும். பிலிமின் பெயர், எண், உத்தரவாதம் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். பில் தராத கடை வேண்டாம்.

ஒட்டும் முறையும் முக்கியம். பிலிமைக் கண்ணாடியின் உட்பக்கத்தில்தான் ஒட்டுவார்கள். தூசு பறக்கும் தெரு ஓரம் அதற்கு ஏற்ற இடம் அல்ல. மூடிய கொட்டகை வேண்டும். முதலில் கண்ணாடியைப் பல தடவை கழுவுவார்கள். பிலிமைக் கண்ணாடியின் வளைவுக்கு ஏற்றபடி சூட்டுக் காற்றால் இழைய வைப்பார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, பிலிமை நகர்த்திச் சரி செய்து, ரப்பர் தகட்டால் தண்ணீரை வழித்து வெளியே தள்ளுவார்கள். ஒரு மணல் பொடி உள்ளே அகப்பட்டாலும், அங்கே புள்ளி நிற்கும்.

ஒட்டிய பிறகு மூன்று நான்கு நாட்களுக்கு ஜன்னலை இறக்கக் கூடாது. சில நாட்கள் லேசான நீர்ப்புகை தெரியும். பயப்பட வேண்டாம். காய்ந்தால் போய்விடும். அமோனியா கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது. மெல்லிய துணியும் தண்ணீரும் போதும்.

பழைய பிலிமை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பின் கண்ணாடியில் மெல்லிய கோடுகள் இருக்கும். பனியைப் போக்கும் மின்கம்பிகள் அவை. பிளேடு வைத்துச் சுரண்டினால் அறுந்து போகும். சூடு காட்டி மெதுவாக உரிக்க வேண்டும்.

காசு இல்லாத குளிர்ச்சி

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். காரை வேப்ப மர நிழலில் நிறுத்துவதைப் போல ஒரு பிலிம் இல்லை.

நிழல் இல்லையா? நிறுத்திய பிறகு, முன் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளித் தகடு போன்ற மறைப்பை வையுங்கள். புறப்படும்போது எடுத்துவிடுங்கள். ஓடும் காரில் திரையும் வேண்டாம், வலையும் வேண்டாம்.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏ.சி.யைப் போட்டு ஜன்னலை மூடிவிடக் கூடாது. முதலில் எல்லா ஜன்னலையும் இறக்கி, ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அடைந்து கிடந்த சூட்டுக் காற்று வெளியே ஓடிவிடும். பிறகு ஜன்னலை மூடி ஏ.சி. போட்டால், சீக்கிரம் குளிரும். பெட்ரோலும் மிச்சம்.

கைக்குழந்தையை வெயில் படாத பக்கத்தில் உட்கார வையுங்கள். காலையில் திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்கும், மாலையில் திரும்புகிறவர்களுக்கும் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பது ஒரு தடவை போனாலே தெரிந்துவிடும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

குடும்பங்கள் சட்டத்தை மதிக்கத் தயார். ஆனால் சட்டம் எது என்று தெளிவாகத் தெரிய வேண்டாமா? ஒரு பக்கம் 2012-ஆம் ஆண்டின் உத்தரவு. இன்னொரு பக்கம் 2021-ஆம் ஆண்டின் விதி. பக்கத்து மாநிலத்தில் ஒரு தீர்ப்பு. நடுவில் நிற்பவர் என்ன செய்வார்?

தமிழ்நாட்டில் எது சரி, எது தவறு என்பதைச் சர்க்கார் எளிய தமிழில் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு போக்குவரத்து அலுவலகத்திலும் அதை எழுதித் தொங்கவிட வேண்டும். சோதனைக்கு நிற்கும் போலீசாரின் கையில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கறுப்பு என்று சொல்வதும் வேண்டாம். கொடியைப் பார்த்துக் காரை விடுவதும் வேண்டாம். அளந்து பார்த்து, தவறு என்றால் யாராக இருந்தாலும் அபராதம் போட வேண்டும்.

விற்கிற கடைக்கும் பொறுப்பு உண்டு. ஒட்டினால் கண்ணாடி எத்தனை பங்கு வெளிச்சம் விடும் என்று எழுதிக் கொடுக்காமல் விற்கக் கூடாது. இன்று வாங்கியவர்தான் அபராதம் கட்டுகிறார். விற்றவர் தப்பிவிடுகிறார்.

ஆச்சி ஏறட்டும்!

மேலநீலிதநல்லூர் வீட்டுக்குத் திரும்பி வருவோம்.

தாய்க்குப் பதில் சொல்லியாயிற்று. வெயிலைக் குறைக்க வழி உண்டு. நிழல் உண்டு. மறைப்பு உண்டு. சட்டம் இடம் கொடுத்தால், தெளிவான பிலிமும் உண்டு.

மகனிடம் தகப்பன் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "தம்பி, திருட்டுத்தனம் செய்கிறவன் மறைந்து போகட்டும். உழைத்துக் கார் வாங்கிய வீடு ஏன் மறைய வேண்டும்? நம் கார் போகும்போது, ஊரார் உன் ஆச்சியைப் பார்க்கட்டும்!"

இருட்டில் கெத்து இல்லை. பளிச்சென்று இருக்கும் கண்ணாடிக்குள், சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் போகிறதே, அதுதான் கெத்து.

அந்தக் காரில் ஆச்சியும் ஏறுவாள்.